மேற்கூரைப் பூச்சில் விரிசல்: தட்டிப் பார்ப்பது முதல் வண்ணம் அடிப்பது வரை

மும்பை செம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக் கொக்கியில் தொடங்கிச் சுவர் வரை ஒரு விரிசல் கோல் வைத்துக் கிழித்ததுபோல நேராக ஓடிக்கொண்டிருந்தது. கடையில் டப்பாவில் விற்கும் பசையை வாங்கி மூன்று முறை அடைத்தேன். மூன்று முறையும் அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே இடத்தில், அதே நீளத்துக்குத் திரும்ப வந்துவிட்டது. நான்காவது முறை, தாராவியில் குடியிருக்கும் திருநெல்வேலிக் கொத்தனார் ஒருவரை அழைத்தேன். அண்ணாச்சி கையில் ஒரு கரணையைத் தவிர வேறெதுவும் கொண்டுவரவில்லை. அதன் மரப்பிடியால் விரிசலின் இரு பக்கமும் தட்டிக்கொண்டே போனவர், ஏணியிலிருந்து இறங்கி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த வீட்டில் எப்போது வயரிங் மாற்றினார்கள், தம்பி?"

எங்களுக்கு முன்பு குடியிருந்தவர்கள் மின்விசிறிக்குப் புதிய குழாய் பதிப்பதற்காகச் சிமெண்ட் பூச்சை நீளவாக்கில் வெட்டியிருந்தார்கள். பிறகு அந்தக் காடியைப் பி.ஓ.பி. என்று எல்லோரும் சொல்லும் பாரிஸ் சாந்தால் மூடியிருந்தார்கள். சிமெண்ட் பூச்சும் பாரிஸ் சாந்தும் ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஒரே மாதிரி விரிந்து சுருங்குவதில்லை. இரண்டும் சந்திக்கும் கோட்டில் பிளவு விழுவது இயல்பு. நான் அடைத்ததெல்லாம் அந்தப் பிளவின் மேல்தோலை மட்டுமே.

அன்றிலிருந்து எங்கள் கட்டடத்திலும் உறவினர் வீடுகளிலும் பல மேற்கூரைகளைப் பார்த்து, சிலவற்றை என் கையாலேயே சரிசெய்திருக்கிறேன். அடைப்பது அரை நாள் வேலை. விரிசல் ஏன் வந்தது என்று கண்டுபிடிக்கத்தான் நாட்கள் பிடிக்கும். அந்த நாட்களைக் கொடுக்காதவர்கள் ஆண்டுதோறும் பெயிண்டுக்குப் பணம் கொடுக்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் பார்ப்பதைப் பற்றியும் தட்டுவதைப் பற்றியும்தான் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

தலைக்கு மேலே இருப்பது என்ன?

மும்பையில் மேற்கூரை என்றால் ஒரே பொருள் அல்ல. கிர்காவ், தாதர், மாட்டுங்கா பக்கத்தின் மிகப் பழைய கட்டடங்கள் சிலவற்றில் மரச் சட்டங்களுக்கு அடியில் மெல்லிய மரப்பட்டிகளை அறைந்து, அதன்மேல் சுண்ணாம்புக் காரை பூசியிருப்பார்கள். அதற்குப் பிந்தைய கட்டடங்களில் இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் தளம், அதன் அடியில் சிமெண்ட் பூச்சு, பல வீடுகளில் அதற்கும் கீழே வழவழப்புக்காக மெல்லிய பி.ஓ.பி. பூச்சு என்று அடுக்கடுக்காக இருக்கும். புதிய குடியிருப்புகளில் ஃபால்ஸ் சீலிங் எனப்படும் ஜிப்சம் பலகைக் கூரை தொங்கும்.

எது என்று தெரிந்துகொள்ள, விரிசலின் ஓரத்தில் யார் கண்ணுக்கும் படாத ஓர் இடத்தை ஆணி முனையால் சுரண்டிப் பாருங்கள். பள்ளிக்கூடச் சுண்ணக்கட்டி போல வெண்பொடி எளிதாக உதிர்ந்தால் பி.ஓ.பி. சாம்பல் நிறத்தில் மணல் நறநறவென்று ஆணியைத் தடுத்தால் சிமெண்ட். மங்கிய வெண்மையில், செங்கல் தூளோ நாரோ கலந்து வந்தால் சுண்ணாம்புக் காரை.

சுண்ணாம்புக் காரையாக இருந்தால் ஒரு வேண்டுகோள். அதன்மேல் சிமெண்ட் கலவையை அப்பாதீர்கள். சுண்ணாம்பு மென்மையானது, ஈரத்தை உள்வாங்கி வெளிவிடுவது; சிமெண்ட் கடினமானது. சில மழைக்காலங்களில் சிமெண்ட் ஒட்டு தன்னைச் சுற்றியுள்ள காரையையும் இழுத்துக்கொண்டு விழும். நம் ஊரின் மெட்ராஸ் டெரஸ் கூரைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்பை அதே சுண்ணாம்பால்தான் ஒட்டுப்போடுவார்கள். பழைய மரக்கூரை வேலைக்கு அந்தக் கைப்பழக்கம் உள்ளவரைத் தேடிப் பிடியுங்கள். இந்தக் கட்டுரையின் மீதி, கான்கிரீட் தளத்துப் பூச்சுக்கானது.

விரிசலைப் படிப்பது

பகலில் சன்னலைத் திறந்துவைத்து ஒருமுறை பாருங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மேற்கூரையோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்து இன்னொருமுறை பாருங்கள். பகலில் கண்ணுக்குத் தெரியாத புடைப்பும் தொங்கலும் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும்.

மயிரிழை போலக் குறுக்கும் நெடுக்குமாக, வற்றிய குளத்துச் சேறு வெடித்த மாதிரி பரவியிருந்தால் அது பூச்சு காய்ந்தபோது சுருங்கியதன் விளைவு. சிமெண்ட் கூடுதலாகப் போட்டிருப்பார்கள், அல்லது நீர் தெளித்து ஆறவிடாமல் இருந்திருப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை. சுவரும் மேற்கூரையும் சேரும் மூலையில் நீளமாக ஓடும் விரிசலும் பெரும்பாலும் அப்படித்தான். வெயிலில் மொட்டை மாடித் தளம் விரிகிறது, சுவர் அதே அளவு விரிவதில்லை; ஆகவே மூலை திறந்து மூடுகிறது. கடைசி மாடி வீடுகளில் இது ஏறக்குறைய தவிர்க்க முடியாதது.

கொக்கியிலிருந்து சுவிட்ச் பலகை இருக்கும் சுவரை நோக்கி நேராகப் போவது எங்கள் வீட்டு வகை. வயர்க் குழாயின் பாதை அது.

இனி, கையை எடுத்துவிட வேண்டிய விரிசல்கள். ஒன்றுக்கொன்று இணையாக, ஏறக்குறைய ஒரே இடைவெளியில் நேர்கோடுகள் ஓடி, அவற்றின் ஓரத்தில் செம்பழுப்புக் கறை இருந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கும் போர்வை. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளிறங்க, அந்தக் காரத்தன்மை குறைந்துவிடும். மும்பைக்குக் கடல் அருகில் இருப்பதால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. துருவானது, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கத்தில் கான்கிரீட் வெடித்துப் பாளம் பாளமாகப் பெயரும். மழைக்காலத்தில் மேற்கூரை விழுந்து உறங்கியவர்கள் காயமடைந்ததாக நாம் படிக்கும் செய்திகளில் பலவற்றுக்கும் பின்னால் இந்தத் துருதான் இருக்கிறது. இதன்மேல் பட்டி (வண்ணத்துக்கு முன் வழவழப்புக்காகப் பூசும் புட்டி) பூசுவது ஆபத்தை வெள்ளைத் துணியால் மூடுவதற்குச் சமம். அந்த இடத்துக்குக் கீழே இருக்கும் கட்டிலை இன்றே நகர்த்துங்கள்.

அதேபோல, மேற்கூரை நடுவில் கண்ணுக்குத் தெரியும்படி தொங்கினாலும், உத்திரத்தில் சாய்வாக விரிசல் ஓடினாலும், விரிசலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தாலும் கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும். மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 353-பி பிரிவு, 30 ஆண்டைக் கடந்த கட்டடங்களைப் பதிவுபெற்ற பொறியாளரைக் கொண்டு பரிசோதித்து உறுதிச் சான்று பெறச் சொல்கிறது. உங்கள் சொசைட்டி, அதாவது குடியிருப்புச் சங்கம், அதைச் செய்திருக்கிறதா என்று செயலாளரிடம் கேட்பதற்கு நீங்கள் தயங்க வேண்டியதில்லை. மும்பையின் பழைய தென்பகுதியான தீவு நகரத்தில் 1969 செப்டம்பர் 30-க்குள் கட்டப்பட்டு, பழுதுபார்ப்பு வரி கட்டும் கட்டடமாக இருந்தால், மாநில வீட்டுவசதி அமைப்பான மஹாடாவின் பழுதுபார்ப்பு, புனரமைப்பு வாரியத்தை அணுகலாம்.

விரிசலின் அகலத்தை அளக்கக் கருவி வேண்டாம். பணம் எடுக்கும் ஏ.டி.எம். அட்டையின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். அட்டையின் ஓரம் உள்ளே நுழையவில்லை என்றால் அது மெல்லிய விரிசல். தாராளமாக நுழைந்து ஆடினால், தொடுவதற்கு முன் சில வாரம் கவனியுங்கள். விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி விரிசல் நீண்டால் அது இன்னும் ஓய்வுக்கு வரவில்லை என்று பொருள். இன்னொரு பழைய வழியும் உண்டு. மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே இரு முனையிலும் பசை வைத்து ஒட்டிவிடுவார்கள். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். கூடத்தின் நடுவே தலைக்கு மேல் கண்ணாடி ஒட்டுவதை நான் விரும்புவதில்லை. பென்சில் போதும்.

தட்டுவது

இதை மட்டும் யாரும் தவிர்க்கக் கூடாது.

ஏணியில் ஏறி, கரணையின் மரப்பிடியாலோ ஒரு ரூபாய் நாணயத்தாலோ மேற்கூரையை மெல்லத் தட்டுங்கள். முதலில் விரிசலே இல்லாத, நன்றாக இருக்கும் இடத்தில் பத்துத் தட்டு. காதுக்கு அந்த ஒலி பழக வேண்டும். இறுக்கமான பூச்சு கல்லைத் தட்டுவது போலச் சுருக்கமாக, கெட்டியாக ஒலிக்கும். கையிலும் ஒரு சிறு எதிர்ப்பு தெரியும். பிறகு விரிசலை நோக்கி விரற்கடை விரற்கடையாக நகர்ந்து வாருங்கள். எங்கே ஒலி மாறி, காலித் தகரத்தைத் தட்டுவது போலப் 'பொத்துப் பொத்து' என்று கேட்கிறதோ, அங்கே பூச்சு தளத்தை விட்டுவிட்டது. அந்த எல்லையில் பென்சிலால் ஒரு புள்ளி. இப்படி நாற்புறமும் புள்ளி வைத்து அவற்றை இணைத்தால், உங்கள் முன்னால் ஒரு வரைபடம் கிடைக்கும். விரிசல் ஒரு கோடாக இருக்கும். பூச்சு பிரிந்து நிற்கும் பொத்தல் அதைவிடப் பத்து மடங்கு பெரியதாகவும் இருக்கலாம்.

எங்கள் மாமியார் வீட்டில், சயானில், சமையலறை மேற்கூரையில் ஒரு சாண் நீள விரிசல்தான் தெரிந்தது. தட்டிப் பார்த்தபோது ஒரு பாய் விரிக்கும் அளவுக்குப் பூச்சு பிரிந்து நின்றது. அதற்கு நேர் கீழேதான் அடுப்பு.

தட்டும்போது நேர் கீழே நிற்காதீர்கள். கை எட்டும் தூரத்தில் பக்கவாட்டில் நில்லுங்கள். கண்ணாடி, முகக்கவசம், தலையில் ஒரு கெட்டித் தொப்பி வேண்டும். பொத்தலான பகுதி ஒரு சாண் அகலத்துக்குள் என்றால் நீங்களே சரிசெய்யலாம். அதற்கு மேல் என்றால் கொத்தனாரை அழைப்பதே சரி. அவர் சாரம் கட்டி, ஆள் வைத்து, பூச்சை இறக்குவார்.

ஓதம் எங்கிருந்து வருகிறது?

மஞ்சள் வளையம், பொரிந்த பெயிண்ட், வெள்ளைப் பூ பூத்ததுபோல் உப்பு — இவற்றில் ஏதாவது இருந்தால் விரிசலை விட்டுவிட்டு நீரைத் தேடுங்கள். அலுமினியத் தாளை ஒரு முழச் சதுரத்துக்கு வெட்டி, நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் மேற்கூரையில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது, அறையை நோக்கிய பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் அது அறையின் ஈரக்காற்று குளிர்ந்து படிந்தது. சமையலறைப் புகைபோக்கியையும் சன்னலையும் கவனியுங்கள். மேற்கூரையை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் தளத்துக்குள் நீர் இருக்கிறது.

மேலே குளியலறை இருந்தால் அந்த வீட்டாரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். மும்பை அடுக்குமாடிகளில் பாதிச் சண்டை இதில்தான் தொடங்குகிறது. கடிதத்தில் ஆரம்பித்தால் கடிதத்திலேயே முடிந்துவிடும். எங்கள் மேல்வீட்டு மராட்டிக் காகூவை (அத்தையம்மாவை) கீழே அழைத்து வந்து கறையைக் காட்டினேன். மறுநாளே சோதிக்க ஒப்புக்கொண்டார். குளியலறைத் தரையில் நீர் வடியும் வாயான நஹானி டிராப்பைத் துணி வைத்து இறுக்கமாக அடைத்து, தரையில் இரண்டு விரற்கடை நீர் நிறுத்தி, ஒரு நாள் முழுக்க விட வேண்டும். கீழே கறை இருண்டால் தரையின் ஓடு இடுக்குகளில் கசிவு. இருளவில்லை, ஆனால் குழாயைத் திறந்து பயன்படுத்தும்போது மட்டும் ஈரம் கூடுகிறது என்றால் குழாயிலோ வடிகால் இணைப்பிலோ கோளாறு.

செலவு யாருடையது என்ற கேள்வி உடனே எழும். மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மாதிரித் துணைவிதிகள் இதைச் சொல்கின்றன. மொட்டை மாடி வழியாக மழைநீர் இறங்கிக் கடைசி மாடி வீட்டின் மேற்கூரையும் அதன் பூச்சும் கெட்டால், சரிசெய்யும் செலவு சொசைட்டியுடையது. பொதுக் குழாய்களின் கசிவும் அப்படியே. கழிப்பறை, சிங்க் போன்ற வீட்டு உள்கசிவுகள் சம்பந்தப்பட்ட உறுப்பினர்களின் பொறுப்பு. நீங்களே பூசி மூடிவிட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. ஆகவே, தேதியோடு படம் எடுத்து, எழுத்து மூலம் கொடுத்த பிறகே வேலையில் இறங்குங்கள்.

எப்போது செய்வது?

மும்பைக்குப் பருவமழை வரும் வழக்கமான தேதி ஜூன் 11. விலகும் தேதி அக்டோபர் 8. விநாயகர் சதுர்த்திக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஆகஸ்டில் பூச்சு வேலை வைப்பவர்கள் இங்கு ஏராளம். மழையில் ஊறிய தளத்தின்மேல் பட்டி பார்த்தால் அது காயாது. காய்ந்ததுபோல் தோற்றமளித்துத் தீபாவளிக்குள் உரியும். மழை விட்டு நான்கைந்து வாரம் தளம் உலரட்டும். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை காற்று வறண்டிருக்கும். போகிக்கு வெள்ளையடிக்கும் நம் வழக்கம் இந்த ஊருக்கு அழகாகப் பொருந்துகிறது. பொங்கலைக் கணக்கு வைத்து டிசம்பரில் தொடங்குங்கள்.

தொடங்கும் முன்

அறைக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்குங்கள். கொக்கியின் அருகில் வேலை என்றால் மின்விசிறியை எலக்ட்ரீஷியனைக் கொண்டு கழற்றிவிடுங்கள். இறக்கையின் மேல் துணி போர்த்தி வேலை செய்வது போதாது. மும்பைப் பெயிண்டர்கள் 'கோடா' என்று சொல்லும் மடக்கு ஏணி இரண்டை வாடகைக்கு எடுத்து, நடுவே கெட்டிப் பலகை போட்டுக்கொண்டால் கழுத்தும் முதுகும் தப்பிக்கும். ஒற்றை ஏணியில் நின்று அண்ணாந்து அரை மணி நேரம் சுரண்டினால் தலை சுற்றும். ஆகவே வீட்டில் இன்னொருவர் இருக்கும்போதே செய்யுங்கள்.

பழைய பெயிண்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த அடுக்குகளில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். நீர் தெளித்து ஈரமாகச் சுரண்டுங்கள். என்-95 (N95) வகை முகக்கவசம் கட்டாயம். குழந்தைகளும் கருவுற்றவர்களும் அன்று அந்த வீட்டிலேயே இருக்க வேண்டாம்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. பட்டித் தகடு அகலமானது ஒன்று, குறுகியது ஒன்று, கரணை, கம்பிப் பிரஷ், பெயிண்ட் பிரஷ், 120, 180, 220 எண் உப்புத்தாள், ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் அகலமுள்ள, தானே ஒட்டும் கண்ணாடியிழை வலை டேப், விரிசல் நிரப்பி, பிரைமர். மும்பைக் கடையில் பட்டிக்கு 'லாம்பி' என்றும் கரணைக்குத் 'தாப்பி' என்றும் கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள்.

மயிரிழை விரிசல்

இதற்கு ஒரு பகல் போதும். பொடியைத் துடைத்து, பிரைமரை மெல்ல ஒரு கோட் அடித்து, அக்ரிலிக் விரிசல் பசையைத் தகட்டால் குறுக்காக அழுத்தித் தேயுங்கள். காய்ந்ததும் 220 உப்புத்தாள். அவ்வளவுதான்.

அட்டை நுழையும் விரிசல்

இங்குதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள், நானும் தவறினேன். விரிசலை அப்படியே நிரப்பக் கூடாது; முதலில் அதை அகலப்படுத்த வேண்டும். மனம் ஒப்பாது. ஆனாலும் குறுகிய தகட்டின் மூலையாலோ பழைய ஸ்க்ரூ டிரைவராலோ விரிசல் நெடுகக் கீறி, ஐந்தாறு மில்லிமீட்டர் அகலமும் அதே ஆழமும் உள்ள ஆங்கில 'வி' வடிவக் காடியாக ஆக்குங்கள். இவ்வளவு குறுகிய பிளவுக்குள் எந்தப் பசையும் ஆழமாக இறங்காது. வாயில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். விரிசலின் இரு நுனியையும் தாண்டி ஒரு விரல் நீளம் கூடுதலாகக் கீறுங்கள். கீறும்போது கட்டியாகப் பெயர்ந்து வருவதெல்லாம் வரட்டும். தங்கியிருப்பது உறுதியானதாக இருக்க வேண்டும்.

காடிக்குள் உள்ள தூசியைப் பிரஷால் வெளியே எடுங்கள். பிறகு ஈரப் பிரஷால் ஒருமுறை. தூசியின் மேல் எதுவும் ஒட்டாது என்பதை அண்ணாச்சி எனக்குக் காட்டிய விதம் மறக்காது. நான் 'சுத்தம்' என்று சொன்ன காடிக்குள் தன் ஈர விரலை நுழைத்து இழுத்தார். விரல் நுனியில் மாவு போலப் படிந்திருந்தது. பிறகு பிரைமர் தடவி ஆறவிடுங்கள்.

நிரப்பும் பொருள் அடிப்பூச்சுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சிமெண்ட் பூச்சு என்றால் பாலிமர் கலந்த விரிசல் நிரப்பிப் பொடி. பி.ஓ.பி. பூச்சு என்றால் பி.ஓ.பி.யே போதும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பி.ஓ.பி.யில் வெள்ளைச் சிமெண்டைக் கலக்காதீர்கள். 'கெட்டியாக இருக்கும்' என்று பலரும் கலக்கிறார்கள். பி.ஓ.பி.யின் சல்ஃபேட்டும் சிமெண்டும் ஈரத்தில் வினைபுரிந்து ஊதும் உப்புகளை உண்டாக்கும். நாளடைவில் ஒட்டு தானாகவே புடைத்துப் பெயரும். சுவர்ப் பட்டி எனப்படும் வால் புட்டியும் இங்கு உதவாது. அது ஓரிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குள் வழவழப்பாக்குவதற்கானது. ஆழத்தை நிரப்பினால் சுருங்கி வெடிக்கும்.

பி.ஓ.பி. குழைக்கும்போது நீரில் பொடியைத் தூவுங்கள். பொடியில் நீரை ஊற்றாதீர்கள். பொடி நீருக்கு மேல் சிறு தீவாகத் தலைகாட்டியதும் நிறுத்தி, ஒரு நிமிடம் ஊறவிட்டு மெல்லக் கலக்குங்கள். பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடங்களுக்குள் இறுகிவிடும். அதனால் ஒரு கைப்பிடி அளவே குழையுங்கள். பாத்திரத்தில் முந்தைய தடவையின் துகள் ஒட்டியிருந்தால் புதியது இன்னும் வேகமாக இறுகும். ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும். இறுகத் தொடங்கியதில் மறுபடி நீர் விட்டுக் கலக்கினால் அதற்கு வலுவே இருக்காது. கொட்டிவிடுங்கள், ஆனால் வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் வேண்டாம், உள்ளேயே கல்லாகிவிடும்.

காடியை நிறைத்து, மேற்பரப்பிலிருந்து மயிரிழை பள்ளமாக விடுங்கள். இறுகியதும் அதன்மேல் வலை டேப்பை நடுவாக ஒட்டுங்கள். சுருக்கம் கூடாது; ஒரு துண்டின்மேல் இன்னொரு துண்டு ஏறக் கூடாது. பிறகு மூன்று மெல்லிய கோட்: முதலாவது டேப்பின் கண்களை நிரப்ப, இரண்டாவது அதைவிட இரு மடங்கு அகலமாக, மூன்றாவது இரு பக்கமும் ஒரு சாண் வரை இழுத்து ஒன்றுமில்லாமல் கரைய. ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. ஒரே கனமான கோட்டில் முடிக்க நினைத்தால், மேற்கூரையின் குறுக்கே ஒரு தழும்பு நிரந்தரமாகத் தெரியும்.

எங்கள் கூடத்து விரிசலுக்கு இதுவும் போதவில்லை. பழைய பி.ஓ.பி. காடி முழுவதையும் அண்ணாச்சி எடுத்துவிட்டு, சிமெண்ட் பூச்சின் ஓரங்களைக் கொத்திவிட்டு, லேடெக்ஸ் ஒட்டுத்திரவம் கலந்த கலவையால் நிரப்பி, அதன்மேல்தான் வலை ஒட்டினார். அதற்குப் பின் மூன்று மழைக்காலம் கடந்துவிட்டன. விரிசல் திரும்ப வரவில்லை.

பொத்தலான சிறு பகுதி

பென்சில் வரைபடத்தின் எல்லைக்கு வெளியே ஒரு விரற்கடை தள்ளி, சிறு உளியாலும் சுத்தியாலும் தளர்ந்த பூச்சை ஓரத்திலிருந்து நடுவாக இறக்குங்கள். ஓரம் செங்குத்தாக இருக்கட்டும். இறகு போல மெலிந்து முடியும் ஓரத்தில் புதிய கலவை நிற்காது. தளத்தின் கான்கிரீட் தெரிந்ததும், துருப்பிடித்த கம்பி கண்ணில் பட்டால் வேலையை அங்கேயே நிறுத்திப் பொறியாளரிடம் காட்டுங்கள். கம்பியின்மேல் பி.ஓ.பி.யை அப்பி மூடுவது மிகக் கெட்ட வழக்கம். அதற்குச் சிமெண்டின் காரத்தன்மை கிடையாது, ஈரத்தையும் பிடித்துவைக்கும். உள்ளே துரு தொடரும்.

கம்பி இல்லை, கான்கிரீட் உறுதி என்றால், வழவழப்பான பரப்பை உளியால் நெருக்கமாகக் கொத்திவிடுங்கள். கம்பிப் பிரஷால் தேய்த்து, நீர் தெளித்து ஊறவிடுங்கள். பரப்பு ஈரமாக இருக்கலாம், நீர் சொட்டக் கூடாது. லேடெக்ஸ் ஒட்டுத்திரவமும் சிமெண்டும் குழைத்த பாலைப் பிரஷால் அழுத்தித் தடவுங்கள். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே கலவை ஏற வேண்டும். காய்ந்துவிட்டால் ஒட்டுவதற்குப் பதில் வழுக்கும், திரும்பத் தடவுங்கள்.

கலவைக்குச் சலித்த மெல்லிய மணல் மூன்று பங்கு, சிமெண்ட் ஒரு பங்கு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், சிமெண்ட் தோலை அரிக்கும். கரணையில் சிறிது சிறிதாக எடுத்து, மேல்நோக்கி வீசினாற்போல் அழுத்துங்கள். மேற்கூரைப் பூச்சுக்கு 6 மில்லிமீட்டர் கனமே வழக்கம். அதைவிட ஆழமான பள்ளமானால் இரண்டு தடவையாகப் பூசுங்கள். முதல் பூச்சின் முகத்தைக் கீறிவிட்டு மறுநாள் இரண்டாவது. மட்டப்பலகையால் இழுத்து, பூச்சைச் சமன்செய்யும் மணியாஸ் கட்டையால் தேய்த்து முடியுங்கள். மறுநாளிலிருந்து ஏழு நாள் காலையும் மாலையும் தெளிப்பானால் நீர் தெளிக்க வேண்டும். சுவரைப் போல மேற்கூரைக்கு ஊற்ற முடியாதுதான், ஆனால் இதைத் தவிர்த்தால் அதே மயிரிழை விரிசலை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். பிறகு ஒரு மாதமாவது காயவிட்டுப் பட்டி பாருங்கள்.

மூலை விரிசலும் பலகைக் கூரையும்

சுவரும் மேற்கூரையும் சேரும் மூலை ஆண்டு முழுவதும் அசையும். கெட்டியான எதை வைத்தாலும் பிளக்கும். காடி கீறிச் சுத்தம் செய்து, மேலே வண்ணம் ஏறக்கூடிய அக்ரிலிக் சீலன்டை (நெகிழும் அடைப்புப் பசையை) அதற்கான துப்பாக்கியால் ஒரே ஓட்டமாக இட்டு, ஈர விரலால் நீவுங்கள். சிலிக்கோன் வேண்டாம், அதன்மேல் பெயிண்ட் பிடிக்காது.

ஜிப்சம் பலகைக் கூரையில் நேர்விரிசல் வந்தால் அது பலகைகளின் இணைப்பு. உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். பலகை மேலும் கீழும் அசைந்தால் சட்டத்தில் திருகாணி கூட்டிய பிறகே டேப்பும் பசையும். மிகப் பழைய கட்டடத்தில் சாம்பல் நிற நார்த்தகடு கூரையாக இருந்தால் அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். துளையிடவோ தேய்க்கவோ வேண்டாம்.

தேய்ப்பதும் வண்ணமும்

120-இல் தொடங்கி 180, முடிவில் 220. கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் வட்டமாகத் தேயுங்கள். விரலால் தேய்த்தால் பள்ளம் விழும். இரவில் மறுபடி அந்தச் சாய்ந்த டார்ச் வெளிச்சம். நிழல் தெரியும் இடங்களில் பட்டியை மெல்ல நிரவி, திரும்பத் தேயுங்கள். நான் வழக்கமாக இரண்டு இரவு இதற்குக் கொடுப்பேன்.

பிரைமர் ஒட்டின்மேல் மட்டும் போதும், ஆனால் வண்ணம் முழு மேற்கூரைக்கும் வேண்டும். ஒட்டின்மேல் மட்டும் அடித்த வெள்ளை, பழைய வெள்ளைக்கு நடுவே திட்டாக நிற்கும். பழைய நீர்க்கறை இருந்தால் சாதாரண பிரைமரைத் துளைத்துக்கொண்டு மஞ்சள் மேலேறும். கறை தடுக்கும் பிரைமரைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பளபளப்பில்லாத எமல்ஷன் இரண்டு கோட். பளபளப்பானது சிறு மேடுபள்ளத்தையும் காட்டிவிடும். கடைசி கோட்டைச் சன்னலிலிருந்து வெளிச்சம் போகும் திசையில் உருட்டுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, கதவுக்குப் பின்னாலோ அலமாரியின் உட்புறத்திலோ விரிசல் இருந்த இடம், என்ன வைத்து அடைத்தீர்கள், எந்தத் தேதி என்று எழுதிவையுங்கள். அடுத்த செப்டம்பரில், கனமழை ஒரு வாரம் பெய்து ஓய்ந்த நாளில், கரணையின் பிடியோடு ஏணியில் ஏறி அந்த இடத்தை மட்டும் பத்துத் தட்டு தட்டிப் பாருங்கள்.